ரோனி ஹார்னின் ‘வெல் அண்ட் ட்ரூலி’: முக்கால் டன் கண்ணாடியை உடையாமல் ஆறவைப்பது

நியூயார்க்கில் 1955இல் பிறந்த சிற்பி ரோனி ஹார்ன் 2009–2010இல் செய்த ‘வெல் அண்ட் ட்ரூலி’யில் பத்துக் கண்ணாடி வார்ப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 91 செ.மீ. விட்டமும் 46 செ.மீ. உயரமும் உள்ள உருளை. வெளிர்நீலம், வெளிர்பச்சை, நிறமே இல்லாததுபோல் ஒன்று என அவை ஒன்றுக்கொன்று மிகச் சிறிதே நிறம் மாறும். பீடம் கிடையாது; நேராகத் தரையில் வைக்கிறார்கள். 2010இல் ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் குன்ஸ்ட்ஹவுஸ் கலைக்கூடத்தில் காட்சிக்கு வந்த இந்தப் படைப்பு, அடுத்த ஆண்டு வெனிஸின் பூன்டா டெல்லா டோகானா கலைக்கூடத்திலும் இடம்பெற்றது.

பக்கச் சுவர் அச்சிலிருந்து வந்த சொரசொரப்போடு மங்கலாக இருக்கும். மேற்பரப்பு மட்டும் நெருப்பு கொடுத்த மெருகோடு, விளிம்புவரை ததும்பும் நீர்போல் தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் பலரும் இதைத் தண்ணீர் நிரம்பிய தொட்டி என்றே எண்ணுகிறார்கள். உள்ளே வெற்றிடம் எதுவும் இல்லை, அடிமுதல் மேல்வரை கண்ணாடிதான். கன அளவு சுமார் 0.3 கன மீட்டர். சாதாரணச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியின் அடர்த்தியை (கன மீட்டருக்கு 2,500 கிலோ) வைத்துக் கணக்கிட்டால் ஒரு கட்டி 750 கிலோ வரும். பத்தும் சேர்ந்தால் ஏழரை டன்.

கண்ணாடியில் பெரிதாகச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. முதல் வழிக்கு நல்ல உதாரணம் அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி. லாஸ் வேகஸின் பெல்லாஜியோ விடுதிக் கூரையில் 1998இல் பொருத்தப்பட்ட ‘ஃபியோரி டி கோமோ’வில் 2,000க்கும் மேற்பட்ட ஊதப்பட்ட பூவடிவங்கள் இருக்கின்றன. கண்ணாடி மட்டும் சுமார் 18 டன், தாங்கும் எஃகுச் சட்டகம் நாலரை டன். ஒவ்வொரு பூவும் மெல்லியது, ஓர் இரவுக்குள் ஆறிவிடும். ஒன்று உடைந்தால் இன்னொன்றை மாட்டலாம். அங்கே சிக்கல் எல்லாம் சட்டகத்திலும் பொருத்துவதிலும்தான். ஹார்ன் எடுத்தது இரண்டாவது வழி, ஒரே கட்டி. இங்கே படைப்பைப் பெரிதாக்குவது தடிமன். கலவை, நிறம், அச்சு, ஊற்றும் முறை, உலை எத்தனை மாதம் முடங்கிக் கிடக்கும் என்பது எல்லாவற்றையும் அந்தத் தடிமனே முடிவு செய்கிறது. கீழே வரும் கணக்குகள் இந்தப் படைப்பின் அளவை எடுத்துக்கொண்டு, பொதுவான வார்ப்புக் கண்ணாடியின் பண்புகளைப் பொருத்திப் போட்டவை.

நிறமும் கலவையும்

ஜன்னல் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நிறமில்லை. அதன் வெட்டு விளிம்பைப் பார்த்தால் பச்சை. மணலோடு வரும் இரும்பு ஆக்சைடுதான் காரணம். ஒளி கடக்கும் தூரம் கூடக்கூட நிறம் பெருக்கல் கணக்கில் ஏறும். 10 மி.மீ. தடிமனில் 90 சதவீத ஒளியை விடும் ஒரு வண்ணக் கண்ணாடி மாதிரித் துண்டில் மிக வெளிறியதாகத் தெரியும். அதையே 457 மி.மீ. தடிமனில் வார்த்தால் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஒளியே மறுபக்கம் வரும், கட்டி கிட்டத்தட்டக் கருப்பாக நிற்கும். பாதி ஒளியாவது கடக்க வேண்டுமானால் 10 மி.மீ.க்கு 98.5 சதவீதம் விடும் கண்ணாடி வேண்டும். அந்த அளவு மாதிரித் துண்டில் வெறுங்கண்ணுக்கு நிறமே பிடிபடாது.

எனவே நிறத்தைச் சிறு துண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. உரிய கலவையில் 40–50 செ.மீ. நீளமுள்ள ஒல்லியான பட்டை ஒன்றை வார்த்து, இரு முனையையும் மெருகேற்றி, நீளவாக்கில் பார்க்க வேண்டும். பட்டை ஒல்லியாக இருப்பதால் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும், செலவும் குறைவு. இந்தச் சோதனையைத் தவிர்ப்பதுபோல் முட்டாள்தனமான சிக்கனம் வேறில்லை. முக்கால் டன்னை வார்த்து மாதக்கணக்கில் ஆறவிட்டபின் நிறம் தப்பிவிட்டதென்றால் அதைத் திருத்த வழியே இல்லை.

மூலப்பொருளில் இரும்பு குறைவாக இருக்க வேண்டும். சாதாரணத் தட்டைக் கண்ணாடியில் சுமார் 0.1 சதவீதம் இரும்பு ஆக்சைடு இருக்கும். ‘இரும்பு குறைந்த’ வகையில் அதில் பத்தில் ஒரு பங்கு. இந்தத் தடிமனுக்கு அந்த வகைகூடப் பச்சை காட்டும். நிறம் சேர்க்கும்போது கோபால்ட் போன்றவை பத்து லட்சத்தில் சில பங்குகள்தான். அந்த அளவை உலையில் நேராகக் கொட்டினால் எங்கோ ஓரிடத்தில் திட்டாக நின்றுவிடும். முதலில் அடர் நிறக் கண்ணாடி உருக்கி, அதைப் பொடித்து, எடைபோட்டுக் கலப்பதே சரியான முறை.

தடிமனும் நிறமும் ஒன்றையொன்று வரையும் என்பதை முதலில் முழுமையாகப் பயன்படுத்தியவர்கள் செக் நாட்டின் ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கியும் யாரோஸ்லாவா பிரிக்டோவாவும். 1950களின் நடுப்பகுதியிலிருந்து ஜெலெஸ்னி ப்ரோட் ஊரில் இருவரும் சேர்ந்து அச்சில் உருக்கிய சிற்பங்களில், ஒரே நிறக் கண்ணாடி மெலிந்த இடத்தில் ஒளிரும், தடித்த இடத்தில் இருளும். உருவத்தின் கோடுகள் அந்த ஏற்ற இறக்கத்தாலேயே பிறக்கின்றன. ஹார்ன் இதற்கு நேரெதிரான முடிவை எடுத்தார். உருளை முழுக்க ஒரே உயரம், ஒரே நிறம். மாறுவது பார்ப்பவர் நிற்கும் இடமும் பகல் வெளிச்சமும் மட்டும்.

கலவையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று படிகமாதல். சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரையிலான பகுதியில் நீண்ட நேரம் நின்றால், பரப்பிலிருந்து நுண்படிகங்கள் வளர்ந்து பால்போல் வெளுக்கும். மெல்லிய பொருளென்றால் உலையைத் திறந்து அந்தப் பகுதியை விரைவாகக் கடத்திவிடலாம். முக்கால் டன்னை அப்படிக் கடத்த முடியாது, வெப்பம் உள்ளே தங்கும். சுண்ணாம்பைக் குறைத்து, பொட்டாஷ், பேரியம், சிறிது போரான் ஆகியவற்றைச் சேர்த்துப் படிகமாக மறுக்கும் கலவை செய்துகொள்வதே தீர்வு. ஜன்னல் கண்ணாடி உடைசலை அள்ளிப்போட்டு இந்த அளவில் வார்க்க நினைப்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

அச்சு

சிற்றளவு வார்ப்புக்குப் பிளாஸ்டரும் சிலிக்காப் பொடியும் எடையில் சரிபாதி கலந்த அச்சு போதும். இந்த அளவுக்கு அது தாங்காது. 46 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் உருகிய கண்ணாடி, அச்சின் அடிச்சுவரைச் சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேலான அழுத்தத்தில் வெளியே தள்ளும். பிளாஸ்டரோ 700 டிகிரியைத் தாண்டினால் வலுவிழந்து வெடிப்பு விடும். ஒரு மெல்லிய கீறல் போதும், கண்ணாடி அதற்குள் இறங்கி இறகுபோல் நீட்டிக்கொள்ளும். ஆறும்போது அந்த இறகு முதலில் உறைந்து, கட்டியை அந்த இடத்திலேயே பிளக்கும்.

ஆகவே வெளியே எஃகு வளையம், உள்ளே வெப்பம் தாங்கும் செங்கல் அல்லது செராமிக் நார்ப்பலகை, அதன்மேல் நுண்பூச்சு என்ற அமைப்பு வேண்டும். எஃகு வளையத்தில் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. 500 டிகிரியிலிருந்து அறை வெப்பநிலைக்கு வரும்போது 914 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி சுமார் 3.9 மி.மீ. சுருங்கும், அதே விட்டத்து எஃகு சுமார் 5.5 மி.மீ. சுருங்கும். எஃகு கண்ணாடியைவிடக் கூடுதலாகச் சுருங்குவதால், முழு வளையமாக இறுக்கியிருந்தால் அது கட்டியை நெரிக்கும். வளையத்தை இரண்டோ மூன்றோ துண்டாகச் செய்து போல்ட்டால் பிணைத்து, கண்ணாடி தன் காலில் நிற்கும் அளவுக்கு இறுகியவுடன் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். இல்லையெனில் நடுவே நசுங்கிக்கொடுக்கும் 10 மி.மீ. நார்த்தாள் அடுக்கு வைக்க வேண்டும். அனுபவமுள்ள கூடங்கள் இரண்டையும் செய்கின்றன.

நுண்பூச்சு பக்கவாட்டு மங்கலைத் தீர்மானிக்கிறது. வெறும் நார்ப்பலகை கண்ணாடியில் நாரின் தடத்தையே பதிக்கும், சில நார்கள் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அலுமினா, கயோலின் பூச்சைப் பல அடுக்காக அடித்து உலர்த்தினால் சீரான, மென்மையான சொரசொரப்பு வரும். ஹார்ன் இந்தத் தோலை அப்படியே விட்டது பார்வைக்காக எடுத்த முடிவு. தொழில்முறையிலும் அது மிகச் சரியான முடிவு. பக்கங்களை மெருகேற்றியிருந்தால் உருளை ஒரு லென்ஸாகிவிடும். அறை இடவலம் மாறி உள்ளே தெரியும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு குமிழியும் பெரிதாகும். மங்கலான தோல் ஒளியைச் சிதறடித்து உள்ளே அனுப்புகிறது. அந்த ஒளி மேற்பரப்பு வழியே மட்டும் தெளிவாக வெளிவருவதால்தான் கட்டி உள்ளிருந்து ஒளிர்வதுபோல் படுகிறது.

அச்சைச் சமமட்டத்தில் வைப்பதில் ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. உருகிய கண்ணாடியின் மேல்மட்டம் எப்போதும் கிடைமட்டமாகவே நிற்கும். அச்சின் அடி சாய்ந்திருந்தால் முடிந்த கட்டியில் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருக்கும். தண்ணீர் என்று கண் நம்பிய பரப்பு சாய்ந்து கிடந்தால் அந்த நம்பிக்கை உடனே கலைந்துவிடும்.

ஊற்றுதல்

அச்சை நிரப்ப மூன்று வழிகள் பழக்கத்தில் உள்ளன. கண்ணாடித் துண்டுகளை அச்சில் அடுக்கி உலையிலேயே உருக்குவது செக் வழி. ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் சிக்கிய காற்று மெல்லிய குமிழித் திரையாக நிற்கும். லிபென்ஸ்கி, பிரிக்டோவா சிற்பங்களில் அந்தத் திரைக்கும் ஒரு அழகு உண்டு. இரண்டாவது, கரண்டியால் அள்ளி ஊற்றுவது. ஒரு கரண்டிக்கு 15–20 கிலோ என்றால் 750 கிலோவுக்கு நாற்பது ஐம்பது ஊற்று. ஒவ்வொரு ஊற்றும் முந்தையதன்மேல் மடிந்து விழுந்து, காற்றை உள்ளே இழுத்து, அடுக்குக் கோடு விடும். நீர்போன்ற தெளிவு வேண்டுமானால் மூன்றாவது வழிதான்: உலையின் அடித்துளையிலிருந்து அறுபடாத ஒரே தாரையாக இறக்குவது. மணிக்கு 60 கிலோ வீதம் இறக்கினால் பன்னிரண்டரை மணி நேரம். அச்சு அத்தனை நேரமும் சூடாகவே இருக்க வேண்டும். தாரை விழும் உயரத்தையும் குறைவாகவே வைக்க வேண்டும். உயரம் கூடினால் தாரை கயிறுபோல் சுருண்டு விழும், ஒவ்வொரு சுருளும் ஒரு காற்றுப்பையை மூடும்.

குமிழி தானாக மேலே வந்துவிடாதா என்று கேட்கலாம். வரும், ஆனால் எவ்வளவு நேரத்தில் என்பதுதான் கேள்வி. 1,000 டிகிரி அளவில் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியின் பாகுத்தன்மைக்கு, 1 மி.மீ. குமிழி மணிக்கு 5 முதல் 7 மி.மீ. மட்டுமே ஏறும். அடியிலிருந்து மேலே வர மூன்று நாளுக்கு மேலும் ஆகலாம். 1,200 டிகிரியில் அதே குமிழிக்குப் பத்து மணி நேரத்துக்குள் போதும். ஆனால் குமிழியின் விட்டம் ஐந்தில் ஒன்றானால் வேகம் இருபத்தைந்தில் ஒன்றாகும், 0.2 மி.மீ. குமிழியை அச்சுக்குள் வைத்து வெளியேற்ற வழியே இல்லை. அதனால் குமிழி நீக்கும் வேலை உருக்கும் உலையிலேயே, 1,400 டிகிரிக்கு மேல், ஊற்றுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

குமிழியைவிடப் பயப்பட வேண்டியது கல். உலைச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ உதிர்ந்த செங்கல் துணுக்கு கண்ணாடியில் கரையாமல் நிற்கும். சூட்டுக்கேற்ப அது விரிந்து சுருங்கும் அளவு வேறாக இருப்பதால், ஆறும்போது அதைச் சுற்றித் தகைவு (பொருளுக்குள் தங்கும் இழுப்பும் அழுத்தமும்) குவியும். கடுகளவு கல் ஒன்று முக்கால் டன் கட்டியைக் கெடுக்கப் போதும். ஊற்றுவதற்கு முந்தைய நாள் உலைக் கூரையைத் தட்டிப் பார்த்து, தளர்ந்ததை உதிர்த்து எடுப்பதைச் சடங்காகவே செய்யும் கூடங்கள் உண்டு.

நிரம்பியபின் மேற்பரப்பைச் சற்றுக் கூடுதல் சூட்டில் நிறுத்தினால் அலைகள் தணிந்து மட்டமாகும். இதுதான் நெருப்பு மெருகு. எந்தத் தேய்ப்புக் கல்லும் எந்தத் துணியும் இந்தப் பரப்பைத் தர முடியாது, ஏனென்றால் இதில் கீறலே இல்லை. விளிம்பருகே பரப்பு இழுவிசையால் ஒரு சிறு வளைவு வரும். கண்ணாடியின் பரப்பு இழுவிசையையும் அடர்த்தியையும் வைத்துப் பார்த்தால் அந்த வளைவு ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு சென்டிமீட்டர்தான் ‘இது நீர்’ என்று கண்ணுக்குச் சொல்கிறது. இந்த நேரத்தில் மேலே விழும் தூசி, நார், பூச்சுச் செதில் எதுவும் நிரந்தரம். அதனால் உலை மூடியின் உட்புறத்தை உதிராத பொருளால்தான் செய்கிறார்கள்.

ஆற்றுதல்

இத்தனையும் சில நாள் வேலை. அடுத்து வருவது மாதக்கணக்கு. ஹார்னின் வார்ப்புகள் ஆறப் பல மாதங்கள் ஆவதாக அவரது காட்சியகம் சொல்கிறது. ஏன் அவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கண்ணாடிக்குத் திட்டவட்டமான உறைநிலை இல்லை. சுமார் 550 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்கப் பாகு மெல்ல மெல்லத் திடமாகிறது. அந்தப் பகுதியைக் கடக்கும்போது மையம் சூடாகவும் வெளிப்புறம் குளிராகவும் இருந்தால், அந்த வேறுபாடு கட்டிக்குள் பூட்டப்படும். பிறகு எல்லாம் அறை வெப்பநிலைக்கு வரும்போது மையம் கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும், வெளிப்புறம் விடாது. விளைவு: வெளியே அமுக்கம், உள்ளே இழுவிசை. 1 டிகிரி வேறுபாடு பூட்டப்பட்டால் பரப்பில் அரை மெகாபாஸ்கல் (தகைவை அளக்கும் அலகு) அமுக்கமும் மையத்தில் அதில் பாதி இழுவிசையும் என்று வைத்துக்கொள்ளலாம். 20 டிகிரி வேறுபாடு பூட்டப்பட்டால் மையத்தில் சுமார் 5 மெகாபாஸ்கல். சாதாரணக் கண்ணாடிக்கு நீண்ட கால இழுவிசை வரம்பாகக் கொள்ளப்படுவது 7 மெகாபாஸ்கல் அளவுதான். அந்த மையத்தில் ஒரு கல் இருந்தால் கதை முடிந்தது.

வேறுபாடு தடிமனின் வர்க்கத்தைப் பின்பற்றும். தடிமன் இரட்டித்தால், அதே வேறுபாட்டுக்குள் நிற்க, ஆறும் வேகத்தைக் கால்பங்காக்க வேண்டும். போர்ட்லண்டின் புல்ஸ்ஐ நிறுவனம் தன் கண்ணாடிக்கு வெளியிட்டுள்ள அட்டவணை இதைத் தெளிவாகக் காட்டும். 25 மி.மீ. பலகைக்கு 482 டிகிரியில் 4 மணி நேர நிறுத்தம் (சூட்டை மாற்றாமல் வைத்திருப்பது), பிறகு 427 டிகிரி வரை மணிக்கு 15 டிகிரி இறக்கம், மொத்தம் சுமார் 14 மணி நேரம். 100 மி.மீ. பலகைக்குச் சுமார் 170 மணி நேரம். 200 மி.மீ. பலகைக்கு மணிக்கு 0.24 டிகிரி, மொத்தம் சுமார் 650 மணி நேரம், அதாவது 27 நாள்.

அதே விதியில் 457 மி.மீ.க்கு நீட்டினால் முதல் கட்ட வேகம் மணிக்கு 0.046 டிகிரி, ஒரு நாளைக்கு ஒரு டிகிரிதான். நிறுத்தம் 3 நாள், 482இலிருந்து 427க்கு 50 நாள், அங்கிருந்து 371க்கு 28 நாள், அறை வெப்பநிலைக்கு 55 நாள். மொத்தம் 136 நாள், நாலரை மாதம். உருளையின் பக்கவாட்டிலும் வெப்பம் வெளியேறுவதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையலாம். அப்போதும் மாதக்கணக்குதான். முதல் கட்டம் முழுவதும் மையத்துக்கும் பரப்புக்கும் இடையே இருக்கும் வேறுபாடு ஒரு டிகிரிக்கும் குறைவு.

இந்தக் கணக்கு நிற்பது ஒரு நிபந்தனையின்மேல்: வெப்பம் மேலும் கீழும் சமமாக வெளியேற வேண்டும். கட்டி தடித்த காப்புச் செங்கல் தளத்தில் உட்கார்ந்து, வெப்பம் மேலே மட்டும் போனால், கண்ணாடிக்குத் தடிமன் இரட்டித்ததாகவே பொருள். நேரம் நான்கு மடங்கு, 540 நாளுக்கு மேல். அதை அறியாமல் 136 நாள் திட்டத்தையே ஓட்டினால் கட்டி உலையிலிருந்து முழுசாகத்தான் வெளிவரும்; பிறகு அடிப்பகுதியைத் தேய்க்கும்போதோ, லாரியிலோ, காட்சி அறையிலோ பிளக்கும். அதனால் அச்சைத் தரையிலிருந்து உயர்த்தி, அடியிலும் சூடேற்றும் கம்பிகள் வைத்து, மேல், பக்கம், அடி என்று மூன்று மண்டலங்களைத் தனித்தனியே கட்டுப்படுத்துகிறார்கள்.

கட்டுப்பாட்டுக் கருவியிலும் சிக்கல் வரும். சாதாரண உலைக் கட்டுப்படுத்திகளில் மணிக்கு 1 டிகிரிக்குக் கீழே வேகம் அமைக்க முடியாது. அப்போது படிப்படியாக இறக்கலாம்: 11 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை டிகிரி. வெப்பநிலையை அளக்கும் உலோகக் கம்பி இணையான வெப்ப இரட்டையில், கே வகை மாதக்கணக்கில் சூட்டில் கிடந்தால் அளவு நகர்ந்துவிடும். பிளாட்டினம் கலந்த எஸ் அல்லது ஆர் வகை நம்பகமானது. உண்மையான வெப்பநிலை 480ஆ 483ஆ என்பது பெரிதல்ல. கட்டியின் இரு இடங்களுக்கு இடையே எத்தனை டிகிரி வேறுபாடு என்பதே உயிர்நாடி. எல்லா வெப்ப இரட்டைகளையும் ஒரே சுருளிலிருந்து வெட்டி எடுத்துச் செய்வது அதற்காகத்தான்.

மின்சாரம் போனால் செய்யக் கூடாதது ஒன்று, உலையைத் திறந்து பார்ப்பது. முக்கால் டன் கண்ணாடியும் நல்ல காப்பும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். மின்சாரம் திரும்பியதும் மண்டலங்களின் வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். கட்டி அப்போது 427 டிகிரிக்கு மேலே இருந்து, வேறுபாடு சில டிகிரியைத் தாண்டியிருந்தால், மெதுவாக நிறுத்த வெப்பநிலைக்கே ஏற்றி, முதலிலிருந்து தொடங்குவதுதான் சரி. கடந்துவிட்ட வாரங்கள் வீண்தான், ஆனால் கட்டி தப்பும். நன்றாகக் கீழே இறங்கியபின் நடந்திருந்தால் அது தற்காலிகத் தகைவுதான். சமமாகும்வரை அதே வெப்பநிலையில் நிறுத்திவிட்டுத் தொடரலாம்.

இந்தப் பொறுமைக்குக் கலைக்கு வெளியே ஒரு முன்மாதிரி உண்டு. பாலோமார் தொலைநோக்கிக்காக நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஆலை வார்த்த 200 அங்குலக் கண்ணாடி வட்டு அது. 1934 மார்ச்சில் முதல் வார்ப்பில் அச்சின் உள்துண்டுகள் பிய்த்துக்கொண்டு மிதந்தன. அதே ஆண்டு டிசம்பரில் வார்த்த இரண்டாவது வட்டு, சுமார் 20 டன், பத்து மாதம் ஆற்றப்பட்டது. நடுவே 1935 ஜூலையில் வெள்ளம் வந்து மின்சாரம் நின்றும் தப்பியது. இதில் சிற்பிகள் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த வட்டின் பின்புறம் முழுத் திண்மம் இல்லை, மெல்லிய விலாச் சட்டங்களால் ஆனது. எங்கும் தடிமன் குறைவாகவும் கிட்டத்தட்டச் சமமாகவும் இருக்கும்படி பொறியாளர்கள் வடிவத்தையே மாற்றினார்கள். ஹார்னுக்கு அந்த வசதி இல்லை. திண்மமே படைப்பின் பொருள் என்பதால் முழு விலையையும் காலத்தால் கொடுத்தாக வேண்டும். ஆனால் எளிய உருளையைத் தேர்ந்ததில் ஒரு பெரிய நன்மை: எங்கும் மெலிந்த கழுத்தோ கூர்முனையோ இல்லை. தடித்த உடலும் மெல்லிய நீட்டலும் சேர்ந்த வடிவத்துக்கு, மிகத் தடித்த இடத்தைப்போல் இரண்டு மடங்கு தடிமன் இருப்பதாக எடுத்துக்கொண்டு ஆற்றுமாறு அதே புல்ஸ்ஐ நிறுவனம் அறிவுறுத்துகிறது.

சோதனை

ஆறிய கட்டியில் மிச்சமிருக்கும் தகைவை முனைவாக்கும் தகடுகளின் (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் தகடுகள்) நடுவே வைத்துப் பார்ப்பது வழக்கம். இந்தத் தடிமனில் அது எளிதில் ஏமாற்றும். வெறும் அரை மெகாபாஸ்கல் தகைவுகூட 457 மி.மீ. பாதையில் 600 நானோமீட்டருக்கு மேல் ஒளித் தாமதம் (ஒளியின் இரு கூறுகளில் ஒன்று மற்றதைவிடப் பின்தங்கும் தூரம்) தரும், கட்டி வானவில்லாக மின்னும். மெல்லிய கோப்பையில் அப்படி நிறம் தெரிந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். இங்கே அதே நிறம் ஆபத்தில்லாத அளவு. தாமதத்தைத் தடிமனால் வகுத்த பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பக்கச் சுவர் மங்கலாக இருப்பதால் ஒளி நேராகக் கடக்காது. எதிரெதிரே இரண்டு இடத்தில் ஒளிவிலகல் எண் பொருந்தும் எண்ணெயைத் தடவி, மேலே சிறு கண்ணாடித் தகடு ஒட்டினால் தற்காலிக ஜன்னல் கிடைக்கும். பிறகு துடைத்துவிடலாம், தோல் கெடாது.

தூக்குவதும் வைப்பதும்

கைப்பிடி இல்லாத 750 கிலோ. மேற்பரப்பில் வெற்றிட உறிஞ்சியை வைத்துத் தூக்கினால் நெருப்பு மெருகில் வட்டத் தடம் விழும். பக்கச் சுவரில் சொரசொரப்பால் காற்று கசியும். எனவே அடியில் தட்டை நைலான் பட்டைகளைக் கொடுத்து, கேன்ட்ரி எனப்படும் சக்கரம் வைத்த தூக்குச் சட்டகத்தில் சங்கிலிக் கப்பியால் தூக்குவதே முறை. இறக்கும்போது பட்டைகளை உருவ இடம் வேண்டும். மெல்லிய நியோப்ரீன் ரப்பர் துண்டுகள்மேல் முதலில் இறக்கி, பட்டையை உருவியபின் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். தரையைத் துடைத்து, பிறகு கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு மணல் துணுக்கு அடியில் சிக்கினால் முழு எடையும் அந்தப் புள்ளியில் ஏறி, அடி விளிம்பில் சிப்பிபோல் சில்லு பெயரும்.

கட்டியின் அடியில் தரைமீது வரும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 11 கிலோநியூட்டன். பொதுக் காட்சி அறைகளின் தளம் பெரும்பாலும் 5 கிலோநியூட்டன் அளவுக்கே வடிவமைக்கப்படும். பத்தையும் பரப்பி வைத்தால் சராசரி குறையும், ஆனாலும் உத்தரம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து வைக்க வேண்டும். கேன்ட்ரியின் சக்கரம் ஏறும் வழியையும் சேர்த்தே கட்டமைப்புப் பொறியாளர் சரிபார்க்க வேண்டும். பலர் சிற்பத்தின் எடையை மட்டும் கொடுத்துவிட்டுக் கேன்ட்ரியை மறந்துவிடுகிறார்கள்.

குளிர்காலத்தில் லாரியிலிருந்து இறக்கிய பெட்டியை உடனே திறக்கக் கூடாது. இந்தத் தடிமனில் வெளிவெப்பம் மையத்தை எட்டவே அரை நாளுக்கு மேல் ஆகும், நுரை அடைத்த பெட்டிக்குள் இன்னும் நீளும். இரண்டு மூன்று நாள் மூடியபடியே அறையில் விட வேண்டும். இதில் பலர் தலைகீழாக நினைப்பது ஒன்று: குளிர்ந்த கண்ணாடி சூடான அறைக்கு வருவதைவிட, சூடான கண்ணாடிமேல் குளிர்காற்று அடிப்பதுதான் ஆபத்து. முதலாவதில் பரப்பு அமுக்கத்தில் இருக்கும், கண்ணாடி அதைத் தாங்கும். இரண்டாவதில் பரப்பு இழுவிசைக்கு வரும். வெயில் நேரே விழும் இடத்தில், குளிரூட்டியின் காற்று வாய்க்கு எதிரே வைப்பதுதான் மிக மோசமான இடத் தேர்வு.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை மேலிருந்து பரவி வரும் பகலொளியே இந்தப் படைப்புக்குப் பொருந்தும். குவிவிளக்கு மேற்பரப்பில் ஒரு வெள்ளைப் புள்ளியாகப் பிரதிபலித்து, ஆழத்தை மூடிவிடும். ஒளிவிலகலால் 46 செ.மீ. ஆழம் நேர்மேலே நின்று பார்த்தால் 30 செ.மீ. போல் தெரியும், அதே ஆழத் தண்ணீர் 35 செ.மீ. அளவுக்குத் தெரியும். இந்தச் சிறு ஆழக்குறைவைக் கண் கணக்கிடுவதில்லை, ஆனால் விளக்குப் புள்ளி விழுந்தால் ‘திடம்’ என்று உடனே கண்டுகொள்ளும்.

பழுது

பக்கச் சுவரில் சில்லு பெயர்ந்தால் சரிசெய்யலாம். அருங்காட்சியகப் பராமரிப்பாளர்கள் பயன்படுத்தும் எச்எக்ஸ்டிஏஎல் என்ற எபாக்சிப் பசையின் ஒளிவிலகல் எண் 1.52, சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிக்கும் அதே. பெயர்ந்த துண்டு கிடைத்தால் ஒட்டிய கோடு பெரும்பாலும் மறையும், இறுக ஒரு வாரம் ஆகும். துண்டு கிடைக்காவிட்டால் எபாக்சியில் நிறம் சேர்த்து நிரப்பி, பரப்பைச் சொரசொரப்பாக்கலாம்.

மேற்பரப்புக் கீறலுக்கு அப்படி வழி இல்லை. தேய்த்து மெருகேற்றினால் அந்த இடம் மட்டும் சற்றுத் தாழ்ந்து, பிரதிபலிப்பு அங்கே வளையும். மறுபடி நெருப்பு மெருகு கொடுக்க வேண்டுமானால் முழுக் கட்டியையும் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். சூடேற்றுவதற்கும் ஏறத்தாழ அதே வர்க்கக் கணக்கு. அதன்பின் மீண்டும் நாலரை மாத ஆற்றுதல். உடலுக்குள் பிளவு வந்துவிட்டால் அதுவும் பயன்படாது. சூடேற்றும்போதே பிளவு நீளும். மூடிக்கொண்டாலும் அந்தத் தளம் முழுக்கக் குமிழித் திரை நிற்கும். அப்போது அந்த நிறத்தின் எடைக்குறிப்பையும் உலைப் பதிவையும் எடுத்து வைத்துக்கொண்டு புதிதாக வார்க்க வேண்டியதுதான். அந்த இரண்டையும் வார்ப்புக்கூடம் சிற்பத்தோடு சேர்த்தே ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு.